சூடம் தின்ற அபராதம்

அபராதம் எவ்வளவு என்று அச்சிட்டிருந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

ஐம்பது காசு அளவில், ஓரமெல்லாம் கருகி, அச்சு வார்த்தது போல வட்டமாக. அதன் வழியே திருச்செல்வம் தன் உதவியாளர் மலரைப் பார்த்தார். மலரும் அதே ஓட்டை வழியே அவரைப் பார்த்தாள்.

"பாஸ், இது எப்படி ஆச்சு?"

"சூடம்."

"கவர்மெண்ட் லெட்டருக்கு எதுக்கு சூடம் காட்டினீங்க?"

"லெட்டருக்குக் காட்டலம்மா. பிள்ளையாருக்குக் காட்டினேன். லெட்டர் பக்கத்துல இருந்துச்சு."

கிள்ளானில் 'செல்வம் துரித ஆம்புலன்ஸ்' நிறுவனத்தின் உரிமையாளர், மேலாளர், ஓட்டுநர் எல்லாம் திருச்செல்வம்தான். 'எங்கள் வாகனங்கள் எந்நேரமும் தயார்' என்று பெயர்ப்பலகையில் பன்மையில் எழுதியிருந்தார். வாகனம் ஒன்றுதான். இரண்டாவது வாங்கும்போது பலகையை மாற்றும் செலவு மிச்சம் என்பது அவர் கணக்கு. அப்படி எட்டு வருடமாக அந்தச் செலவை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் நடத்துகிறவர்கள் எல்லாரும் மாநிலத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கான கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அரசாங்கத்திடமிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிப் பிள்ளையார் படத்தடியில் வைத்து, நல்ல நாள் பார்த்துப் பணம் கட்டுவது திருச்செல்வத்தின் வழக்கம். முதல் வாரம் பார்த்த நாள் அஷ்டமி. அடுத்தது நவமி. அதற்கடுத்து அவருக்கே காய்ச்சல். பிறகு மறந்துபோனது.

போன வெள்ளிக்கிழமை பூசையில் சூடத்தட்டு சாய்ந்து ஏதோ ஒரு தாள் புகைந்தது. பீட்சாக் கடை நோட்டீஸ் என்று நினைத்துத் தட்டி அணைத்து, மீண்டும் சாமியடியிலேயே வைத்துவிட்டார். பீட்சாக் கடை நோட்டீஸ் எதற்குச் சாமியடியில் இருக்கப்போகிறது என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

இன்று காலை மலர் சாமி மேடையைத் துடைத்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. கடிதம் மலாயில் இருந்தது. கெடு: இன்று, வெள்ளிக்கிழமை, மாலை நாலரை. அதற்குக் கீழே, 'தாமதமானால் அபராதம் ரிங்கிட்' என்று ஒரு வரி. பிறகு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் 'ஒரு நாளைக்கு' என்று இருந்தது.

"ஒரு நாளைக்கு!" என்றார் திருச்செல்வம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "அஞ்சா, அம்பதா, ஐந்நூறா?"

"ஓட்டை பெருசா இருக்கு பாஸ். நாலு நம்பர்கூட உள்ள போகும்."

அதற்கடுத்த வரியைச் சூடம் தொடவே இல்லை. கட்டணம் செலுத்தாத வாகனம் மறுநாள் முதல் சாலையில் ஓடக் கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது.

இருவரும் ஒரே நேரத்தில் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தார்கள். நாளை காலை ஆறு மணி, சீதாலெட்சுமி அக்கா, டயாலிசிஸ். லிப்ட் பாதி நாள் வேலை செய்யாத பிளாட்டின் நாலாவது மாடியிலிருந்து அந்த அம்மாவை வாரம் மூன்று முறை தூக்கி இறக்க வேண்டும். திருச்செல்வம் அவரிடம் பாதிக் கட்டணம்தான் வாங்குகிறார். ஏன் என்று கேட்டால் 'புரமோஷன்' என்பார். அந்தப் புரமோஷன் இரண்டு வருடமாக முடியவில்லை.

"நாளைக்கு வண்டி ஓடலன்னா அக்காவ யாரு இறக்குவா?" என்றாள் மலர்.

"ஓடும். எல்லாம் ஓடும். முதல்ல பெனல்டி எவ்வளவுன்னு கேட்போம்."

அலுவலகத்துக்குப் போன் செய்தார். மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்றது ஒரு குரல். இரண்டை அழுத்தினார். மலாயில் பேசியது. கட்டணத்துக்கு மூன்று என்றது. மூன்றை அழுத்தினார். பாட்டு வந்தது. இருபது நிமிடம் பாட்டுக் கேட்டபின், கவுண்டர் பன்னிரண்டேகாலுக்கு மூடி, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து இரண்டே முக்காலுக்குத் திறக்கும் என்று சொல்லிவிட்டுத் தொடர்பு அறுந்தது.

"ஆன்லைன்ல கட்டுங்க பாஸ். சின்னப் பிள்ளைகூடக் கட்டுது."

ஆன்லைனில் கடவுச்சொல் கேட்டது. திருச்செல்வம் மனைவியின் பிறந்தநாளை அடித்தார். தவறு என்றது. கல்யாண நாளை அடித்தார். அதுவும் தவறு. வீட்டுக்குப் போன் செய்து சரிபார்த்ததில் இரண்டு தேதியுமே தவறு என்று தெரிந்தது. அதற்குத் தனியாக அரை மணி நேரம் பாட்டு வாங்கினார். மூன்றாவது முயற்சியில் கணக்கு பூட்டிக்கொண்டது. 'பாதுகாப்பு கருதி நேரில் வரவும்' என்றது திரை.

"சரி, நம்ம ஆளுங்ககிட்ட கேட்போம்" என்று திருச்செல்வம் ஆம்புலன்ஸ் முதலாளிகளின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார். 'நண்பர்களே, இன்றைக்குக் கட்டாவிட்டால் லேட் பெனல்டி எவ்வளவு? அவசரம்' என்று தட்டினார்.

பதில்கள் பறந்து வந்தன. ஐம்பது என்றார் ஒருவர். அது பழைய ரேட், இப்போது ஐந்நூறு என்றார் இன்னொருவர். போர்ட் கிள்ளானில் இரண்டு வண்டி வைத்திருக்கும் செல்வகுமார் குரல் பதிவு அனுப்பினார். "அண்ணே, ஒரு நாளைக்கு ஐந்நூறு இல்ல, ஒரு மணி நேரத்துக்கு! நம்ம சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னாரு. டோ லோரி கொண்டாந்து வண்டியவே இழுத்துட்டுப் போயிடுவாங்களாம்லா!" கடைசியாக ஒருவர் பூங்கொத்துப் படத்துடன் காலை வணக்கம் சொன்னார். அதன்பிறகு குழு சட்டென்று அமைதியாகிவிட்டது.

"எல்லாரும் பிசி போல" என்றார் திருச்செல்வம்.

மணி இரண்டரை. ஷா ஆலமில் இருக்கும் அந்த அலுவலகத்துக்குச் சாதாரணமாக அரை மணி நேரம். ஆனால் பெடரல் நெடுஞ்சாலையில் ஒரு கொண்டெய்னர் லோரி குறுக்கே விழுந்து கிடப்பதாக வானொலி மகிழ்ச்சியான குரலில் சொன்னது.

"சைரன் போட்டுட்டுப் போயிடலாம்" என்றார் திருச்செல்வம்.

"பேஷண்ட் இல்லாம சைரன் போட்டா சம்மன். அது எவ்வளவுன்னு எனக்கு ஓட்டை இல்லாமத் தெரியும். சொல்லட்டுமா?"

சரியாக அந்த நேரத்தில் மாடி வீட்டு யோகநாதன் அங்கிள் கடையில் நாளிதழ் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். எழுபத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய குடும்பம். முப்பத்து மூன்று வருடம் அரசாங்கக் கருவூலத்தில் வேலை. ஓய்வு பெற்றபின்னும் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுத்தான் நாளிதழ் வாங்க வருவார்.

திருச்செல்வம் அவரைப் பார்த்த பார்வையை மலர் பார்த்தாள். "வேணாம் பாஸ்" என்றாள்.

"அங்கிள், சும்மா கொஞ்ச நேரம் படுத்துக்கிட்டு வரீங்களா?"

விஷயத்தைக் கேட்ட யோகநாதனின் முகம் இறுகியது. "தம்பி, நான் வாழ்நாளிலை அரசாங்கத்துக்குப் பொய் சொன்னதில்லை."

"இன்னிக்குக் கெடு அங்கிள். நாலரைக்கு மூடிடுவாங்க."

"கெடுவோ?" கிழவரின் குரல் மாறியது. "இண்டைக்கோ?"

பொய்யும் ஒரு பாவம்தான். ஆனால் கெடு தப்புவது என்பது அவருடைய அகராதியில் பாவத்துக்கும் அந்தப் பக்கம் இருந்தது. நாளிதழை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார். "நான் வாய் திறக்க மாட்டன். ஆராவது கேட்டால் உண்மையைத்தான் சொல்லுவன். சம்மதமெண்டால் எடுங்கோ வண்டியை."

வண்டி கிளம்பியது. பின்னாலிருந்து மலர் கேட்டாள். "அங்கிள், நீங்க கருவூலத்துல இருந்தவருதானே. லேட் பெனல்டி எவ்வளவு வரும்?"

"நல்ல கேள்வி, பிள்ளை. அபராதத்திலை மூண்டு வகை இருக்கு. எழுபத்தெட்டாம் ஆண்டிலை எங்கடை பெரிய துரை ஒரு சுற்றறிக்கை விட்டவர்…"

"எவ்வளவு அங்கிள்?"

"அதுக்குத்தான் வாறன். முதலாவது வகை…"

படாங் ஜாவா தாண்டும்போது அவர் முதலாவது வகையில்தான் இருந்தார். அங்கேதான் நெரிசல் பிடித்தது. திருச்செல்வம் ஒரு முறை மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு சைரனைத் தட்டினார்.

கார்கள் இடமும் வலமும் விலகின. நெடுஞ்சாலையின் நடுவே ஒரு வழி திறந்தது. அதில் போகப் போகத் திருச்செல்வத்துக்கு மகிழ்ச்சி வரவில்லை, கூச்சம்தான் வந்தது. ஒரு கார்க்காரி மடியில் இருந்த பிள்ளையின் காதைப் பொத்தினாள். ஒரு மலாய்ப் பெரியவர் கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஏந்தி ஆம்புலன்ஸுக்காகப் பிரார்த்தித்தார். அதைச் சன்னல் வழியே கண்ட யோகநாதன் மரியாதை தெரிந்தவர் என்பதால் எழுந்து உட்கார்ந்து கை அசைத்தார்.

மலர் அவரை அமுக்கிப் படுக்க வைத்தாள். "பேஷண்ட் டாட்டா காட்டக் கூடாது அங்கிள்!"

"அந்த மனிசன் எனக்காகப் பிரார்த்திக்குது. நன்றி சொல்லாமல் விடலாமோ?"

அப்போது வலது பக்கத்தில் ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்தது. திருச்செல்வம் ஒரு கையால் லைசென்ஸைத் தேட ஆரம்பித்தார். ஆனால் போலீஸ்காரரின் முகத்தில் கோபமே இல்லை. அக்கறை பொங்கி வழிந்தது.

"எந்த ஹாஸ்பிட்டல்?" என்று மலாயில் கத்திக் கேட்டார்.

மாநில அலுவலகத்தின் கட்டணக் கவுண்டர் என்று சொல்ல முடியாது. திருச்செல்வம் கையை நீட்டிப் பொதுவாக முன்னால் காட்டினார். போலீஸ்காரர் கட்டை விரலை உயர்த்திவிட்டு, தன் சைரனையும் போட்டு முன்னால் பாய்ந்தார்.

"பாஸ், நல்லா வழி விடுறாங்க" என்றாள் மலர்.

"நல்லாத்தான் விடுறாங்க. அதோ பாரு."

அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டிய சந்திப்பு இடது பக்கமாக நிதானமாகக் கடந்து போயிற்று. போலீஸ்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையசைத்து உற்சாகப்படுத்தினார். இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றி நழுவ வழியே இல்லை. அவர் கொண்டுபோய் நிறுத்திய மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் ஏற்கனவே மூன்று பேர் கையுறையோடு காத்திருந்தார்கள். வானொலிக் கருவியில் சொல்லி வைத்திருக்கிறார்.

கதவு திறந்தது. யோகநாதன் உள்ளே போனார். நாளிதழும் கூடவே போனது.

இளம் மருத்துவர் ஒருத்தி ஸ்டெதாஸ்கோப்போடு குனிந்தாள். சட்டையில் ஜனகா என்று பெயர் இருந்தது. "அங்கிள், என்ன செய்யுது உங்களுக்கு?"

"எனக்கு ஒண்டும் இல்லை, பிள்ளை. நாங்கள் ஆம்புலன்ஸ் பீஸ் கட்டப் போறம்."

"பீஸெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் அங்கிள். இப்ப எங்கே இருக்கீங்கன்னு தெரியுதா?"

"இருக்கக் கூடாத இடத்திலை."

மருத்துவர் மலரை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க?"

"வெள்ளி. அபராதமில்லாமல் கட்டக் கடைசி நாள். பிள்ளையார் படத்துக்குக் காட்டின சூடத்திலை தொகை எரிஞ்சு போச்சு. அதுதான் தம்பி என்னைப் படுக்க வைச்சவர்."

மருத்துவர் மெதுவாக நிமிர்ந்தாள். "தலைக்கு ஒரு ஸ்கேன் எழுதுங்க" என்றாள் தாதியிடம்.

"டாக்டர், அவரு சொல்றது எல்லாம் உண்மை!" என்று திருச்செல்வம் பாய்ந்தார்.

"நீங்க யாரு?"

"டிரைவர். ஓனரும் நான்தான்."

"பிரஷர் நூத்தி எழுபது இருக்கு. உண்மையோ இல்லையோ, இவர விட முடியாது."

"சைரன் சத்தத்துல ஏறிடுச்சு டாக்டர்! வண்டிக்குள்ள இருந்தா எனக்கே ஏறும்!"

அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை அளந்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது. சொந்தப் பொறுப்பில் வெளியேறுவதாகக் கையெழுத்துப் போட்டால் போகலாம் என்றார்கள். நாலு பக்கப் படிவம் வந்தது. யோகநாதன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"அங்கிள், கடைசிப் பக்கத்துல சைன் மட்டும் போடுங்க!"

"படிக்காமல் கையெழுத்துப் போட்டு நான் ஒருநாளும் பழகேல்லை, தம்பி. இஞ்சை பாரும், ஏழாவது பிரிவிலை ஒரு கமா விடுபட்டுப் போச்சு."

அவர் கையெழுத்துப் போட்டபோது மணி நாலு அடித்துப் பத்து. மருத்துவர் ஜனகா வாசல் வரை வந்து, அடுத்த வாரம் பிரஷரை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். "கட்டாயம் கூட்டிட்டு வரேன் டாக்டர். என் வண்டியிலயே. ப்ரீ" என்றார் திருச்செல்வம். அதை அவர் நிஜமாகவே சொன்னார்.

திரும்பும் வழியில் சைரன் இல்லை. யாருக்கும் அதைத் தொட மனம் வரவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது திருச்செல்வம் தனக்குள் பேசிக்கொண்டார். கெடு போனாலும் போகட்டும். மணிக்கு ஐந்நூறு என்றாலும் கட்டிவிடலாம், மனைவியின் சங்கிலி இருக்கிறது. மனைவியைக் கேட்பது வேறு விஷயம். ஆனால் நாளை காலை ஆறு மணிக்கு வண்டி ஓட வேண்டும். சீதாலெட்சுமி அக்கா நாலாவது மாடியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்தரைக்கே தயாராகிவிடுவார்.

நாலு இருபத்தேழுக்கு வண்டி அலுவலக வளாகத்துக்குள் நுழைந்தது. நுழைந்ததும் திருச்செல்வம் பிரேக்கை மிதித்தார்.

"ஐயையோ. என்ன ஆச்சு இங்கே?"

கார் நிறுத்துமிடம் முழுக்க ஆம்புலன்ஸ்கள். ஒன்று, இரண்டு, மூன்று… ஏழு. எல்லாவற்றின் மேலும் விளக்குகள் சுழன்றுகொண்டிருந்தன. கட்டடம் எதுவும் இடிந்ததாகத் தெரியவில்லை. புகையும் இல்லை.

மலர் இறங்கிப் பக்கத்து வண்டியின் சன்னலில் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஓர் அம்மா ஆக்சிஜன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கறிபாப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வண்டியில் கழுத்துப் பட்டை அணிந்த ஒருவர் கைப்பேசியில் காற்பந்து பார்த்தார். மூன்றாவது வண்டிக்குப் பக்கத்தில் செல்வகுமார் நின்றிருந்தார். திருச்செல்வத்தைக் கண்டதும் வானத்தைப் பார்த்தார்.

"செல்வா, உள்ள யாரு?"

"என் மச்சான்" என்றார் செல்வகுமார் சுருதி இறங்கி. "எல்லாம் உங்க மெசேஜால வந்த வினை அண்ணே. அதுவரைக்கும் நாங்க நிம்மதியா மறந்திருந்தோம்."

திருச்செல்வம் பதில் சொல்ல நேரமில்லாமல் ஓடினார். கையில் ஓட்டைக் கடிதம். பின்னால் மலர். அவளுக்குப் பின்னால் நோயாளி, நாளிதழோடு. கண்ணாடிக் கதவில் பாதுகாவலர் லோகன் ஒரு சங்கிலியைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அண்ணே, பூட்டாதீங்க! இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு!"

"கவுண்டர் மூடியாச்சு பாஸ். பணம் வாங்குற ஆபிசர் இல்ல."

"இல்லன்னா? அவருக்கு லீவா? மீட்டிங்கா?"

லோகன் அவரை மேலும் கீழும் பார்த்தார். காலையிலிருந்து திருச்செல்வத்தைப் பாட்டுக் கேட்க வைத்தவர்கள், கணக்கைப் பூட்டியவர்கள், எழுபத்தெட்டாம் ஆண்டுக்குக் கூட்டிப்போனவர்கள் எல்லாரையும் அந்தப் பார்வையில் கண்டு திருச்செல்வம் கையைக் கூப்பினார்.

"அண்ணே, உங்களக் கும்பிட்டுக் கேட்கிறேன். நேராச் சொல்லுங்க. பெனல்டி எவ்வளவு?"

"பெனல்டி இல்ல."

"இல்லயா?"

"ஆபிசர் இல்லாததால பெரிய ஆபிசர் எல்லாருக்கும் திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுத்துட்டாரு. ஒரு காசு பெனல்டி கிடையாது."

"நாளைக்கு வண்டி ஓடலாமா?"

"தாராளமா ஓடலாம்."

திருச்செல்வம் கண்ணாடிக் கதவில் சாய்ந்தார். மலர் முதல் முறையாகச் சிரித்தாள். யோகநாதன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "எழுத்திலை இருக்கோ?" என்றார். லோகன் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். கிழவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"கடவுள் இருக்காரும்மா" என்றார் திருச்செல்வம் மலரிடம். பிறகு, நல்ல மனது கொஞ்சம் மீண்டு வந்ததால், லோகனிடம் திரும்பினார். "ஆமா, அந்த ஆபிசருக்கு என்ன ஆச்சு? நல்லா இருக்காரா?"

"இப்ப நல்லா இருக்காரு பாஸ், வெறும் கேஸ் டிரபிள்தானாம்" என்றார் லோகன் சங்கிலியைப் பூட்டிக்கொண்டே. "மூணரைக்கு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு, நான் ஓடிப்போய் வெளிய நின்ன ஏழு ஆம்புலன்ஸ் கதவையும் தட்டினேன், ஏழு பேரும் உள்ள சீரியஸ் பேஷண்ட் இருக்குன்னுட்டாங்க, கடைசியில கிராப் டாக்சி போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்."